உலகம்மாளுக்குக் கொட்டாத ‘ம்’

அந்த மனநல ஆஸ்பத்திரியில் நோயாளி சொன்னதற்கு நர்ஸ் ‘ம்’ கொட்டினால் சொன்னது நடந்துவிடும். கட்டடம் பழையது. மழைக்கு ஒழுகும், மேற்குச் சுவரில் அரசஞ்செடி முளைக்கும், ‘ம்’ கொட்டினால் நடக்கும். பொதுப்பணித் துறைக்காரர்கள் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தார்கள். ஒழுகுவதை வேண்டுமானால் சரிசெய்யலாம், மற்றது அஸ்திவாரத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒழுகுவதையும் சரிசெய்யவில்லை.

அதனால் அங்கே வேலைக்குச் சேருகிற நர்சுக்கு முதலில் ஊசி போடவோ மாத்திரை கொடுக்கவோ சொல்லித்தர மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லித்தருவார்கள். நம் ஆட்களுக்கு அது லேசான காரியமா? எதிரே ஒருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாலே நமக்குத் தன்னால் ‘ம்’ வந்துவிடும். போனில் மறுமுனையிலிருந்து ‘ம்’ வரவில்லை என்றால் ‘லைன்ல இருக்கியா?’ என்று கேட்கிற ஜனம் நாம். முன்பு ஒரு தடவை, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போனை நோண்டிக்கொண்டே, தன் வீடு வேப்பமரத்து உச்சியில் இருப்பதாகச் சொன்ன ஓர் அம்மாளுக்கு ‘ம்’ கொட்டிவிட்டாள். அந்த ஓட்டுவீடு இன்றைக்கும் வேப்பமரத்தின் மேல்தான் இருக்கிறது. சலவைக்குப் போகிற போர்வைகளை அதில் போட்டுவைக்கிறார்கள்.

சரி, ‘ம்’ கொட்டக்கூடாது என்றால் ‘ம்ஹூம்’ சொல்லிவிடலாமா? அதுவும் ஆகாது. ‘ம்ஹூம்’ சொன்னால் நோயாளியின் முகம் சுருங்கிவிடும், மறுநாளிலிருந்து பேசவே மாட்டார். ஆகவே ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்புறம்?’ அதற்கு எதுவும் நடக்காது, எதுவும் உடையாது, ஆள் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். மாத்திரைக்கு அடுத்தபடியாக அங்கே வேலை செய்தது அந்த ‘அப்புறம்?’தான் என்று பெண்கள் வார்டு நர்ஸ் பியூலா சொல்வாள். அடுத்தபடியாக என்பதுகூட டாக்டர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சேர்த்துக்கொள்வது.

பியூலா குட்டையான, கனத்த உடம்புக்காரி. நடந்தால் மருந்து அலமாரிக் கண்ணாடி அதிரும். அந்த வார்டில் தலை நரைக்கிற அளவுக்கு வேலை பார்த்தவள். வேலை வாயில் ஊறிப்போய், வீட்டில்கூட அவளுக்கு ‘ம்’ வராது. ‘நடை சாத்துன கோயில் முன்னால நின்னு பேசுத மாதிரி இருக்கு’ என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் மட்டும் ஒரே ஒரு தடவை அசந்து வாயைத் திறந்திருந்தால், உலகம்மாள் என்கிற மனுஷி இன்றைக்கு மண்ணுக்குள் இருந்திருப்பாள்.

உலகம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தென்காசிப் பக்கம், பீடி சுற்றின கை. தினமும் காலையில் பியூலா உப்புமாத் தட்டோடு வந்து நின்றதும் அவள் சொல்கிற முதல் வார்த்தை ஒன்றேதான்.

“சிஸ்டரம்மா, நான் செத்துட்டேன்லா.”

“அப்படியாக்கா? அப்ப இந்த உப்புமாவ யாருக்கு வைக்க?”

“அங்கனயே வச்சிட்டுப் போங்க. செத்தவ தின்ன மாட்டான்னு யாரு சொன்னா?”

தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்து, திரும்பவும் கேட்பாள். “ஒரே ஒரு ‘ம்’. சொன்னா உங்க வாயில உள்ள முத்தா கொட்டிரும்? எத்தன வருஷமா கெஞ்சுதேன். மனசு இரங்குதா பாரு, கல்லு கல்லு!” பியூலா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். நாடி ஒழுங்காகத் துடிக்கும். “அப்புறம்?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். இரண்டு பேருக்கும் இது பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டது. சண்டையாகவும் இருந்தது, சொந்தமாகவும் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்பது நர்சுகள் வைத்த பெயர். அரசாங்கக் கடிதத்தில் அதற்குச் ‘செயற்கை நுண்ணறிவுச் செவிலி’ என்று பெயர். தண்ணீர் டிரம் உயரத்தில் வெள்ளையாக இருந்தது, அடியில் சக்கரம், மேலே ஒரு திரை, திரையில் சிரிக்கிற வாய். சூப்பிரண்டு டாக்டர் மார்த்தாண்டன் வாசலிலேயே நின்று ஆரத்தி எடுக்கச் சொல்லி, பூசணிக்காய் உடைத்து, கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அழைத்துவந்தார். வெயில் ஆகாது என்று ஏ.சி. போட்டார்கள். ஏ.சி. போட ஒரு அறை வேண்டுமே? நர்சுகள் உடை மாற்றுகிற அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். நோயாளிகள் படுத்திருக்கிற வார்டில் மின்விசிறி சுற்றவில்லை என்று பியூலா மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனவள். மாப்பிள்ளைக்குக் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெக்கானிக் தினமும் வந்துபோனார்.

நர்சுகளின் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று மேலிடத்தில் விதி இருந்ததால் ஒரு கூட்டம் போட்டு, டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். “மெஷின் நோட்ஸ் எழுதட்டும் சார், பி.பி. பாக்கட்டும், யாருக்கு எந்த மாத்திரைன்னு ஞாபகம் வச்சுக்கிடட்டும். வேண்டாம்னே சொல்லல. பேச்ச மட்டும் அதுக்கிட்ட கொடுக்காதீங்க” என்றாள் பியூலா.

அவளோடு அதே வார்டில் வேலை பார்க்கும் ஹபீபா எழுந்தாள். “எனக்கு முட்டி வலிக்குது. வார்டு நெறைய ஆளு, பாக்க நாங்க மூணு பேரு. நான் எத்தன பேருக்குன்னு ‘அப்புறம்’ கேக்க? அது எரிஞ்சு விழாது. நான் எரிஞ்சு விழுதேன். வரட்டும் சார்.”

அதுவும் நியாயம்தான். “அது ‘ம்’ கொட்டுமா சார்?” என்று மட்டும் பியூலா கேட்டாள்.

“கொட்டும். அதுதான் அதன் விசேஷமே” என்றார் சூப்பிரண்டு. “எதிரே இருப்பவர் எது சொன்னாலும் கனிவோடு ‘ம்’ கொட்டும். நீங்களெல்லாம் கொட்டுவதில்லை என்று நோயாளிகளிடமிருந்து புகார் வருகிறது சிஸ்டர்.”

மெஷின் கொட்டினாலும் நடக்குமா என்று பொதுப்பணித் துறைக்கு எழுதிக் கேட்டார்கள். கட்டடத்துக்கு வித்தியாசம் தெரியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கோப்பில் வைத்துவிட்டு மாப்பிள்ளையை வார்டுக்குள் அனுப்பினார்கள்.

முதலில் செல்லக்கனி. அவள் வயிற்றுக்குள் ஒரு குளம் இருந்தது. நர்சுகள் எத்தனையோ காலமாக அந்தக் குளத்தில் மீன் உண்டா, படித்துறை உண்டா என்று கேட்டுக் கேட்டு அதை வயிற்றோடு நிறுத்திவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றார். செல்லக்கனி சொல்லி முடித்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, “ம்” என்றார் மாப்பிள்ளை. அடடா, என்ன ஒரு ‘ம்’! பெற்ற தாய்கூட அப்படிக் கொட்ட மாட்டாள். வார்டின் நடுவில் குளம் வந்துவிட்டது. அல்லியும் பாசியுமாக நல்ல குளம். ஆயாக்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைக்கிற கட்டையை எடுத்தார்கள், பிறகு குளத்தை எங்கே துடைப்பது என்று வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, காக்காயெல்லாம் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்கிற கொண்டியம்மாள். அவளுக்கும் ‘ம்’. அன்று மாலையிலிருந்து பார்வையாளர் நேரத்தில் காக்காய்கள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்று பாஸ் வாங்கி உள்ளே வந்தன. வெறுங்கையோடு வரவில்லை, ஆளுக்கு ஒரு பிடி சோறு கொண்டுவந்தன. நோயாளிகளின் திருப்தி நூற்றுக்கு நூறு என்று சூப்பிரண்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அது பொய்யில்லை. செல்லக்கனி குளத்தில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் இப்போது அவள் வேறு எதுவும் பேசுவதில்லை. கேட்டதுதான் வந்துவிட்டதே, இன்னும் பேச என்ன இருக்கிறது?

பியூலா குளத்தங்கரையில் நின்று மாப்பிள்ளையை ஊன்றிக் கவனித்தாள். ஒன்று தெரிந்தது. அவர் பேச்சின் நடுவில் குறுக்கிட மாட்டார். பேச்சு நின்று, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தால்தான் ‘ம்’ வரும். அந்த ஒரு மரியாதை அவரிடம் இருந்தது.

இதையெல்லாம் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டரம்மா, அவுக எல்லாருக்கும் ‘ம்’ போடுதாகளே. என் கட்டிலுக்கு எப்ப வருவாக?” என்று கேட்டாள் உலகம்மாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, கல்யாணம் நிச்சயமான பெண் தோற்றாள். பியூலாவுக்கு அந்தப் பூரிப்பைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நேரே சூப்பிரண்டு அறைக்குப் போனாள். “சார், உலகம்மாளுக்கு மட்டும் அதை அனுப்பக்கூடாது. அவ செத்துட்டேன்னு சொல்லுவா. அது ‘ம்’னு சொல்லும். அம்புட்டுதான்.”

“எல்லாக் கட்டிலுக்கும் போக வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ஒருவரை விட்டுவிட்டால் பாரபட்சம் ஆகும்.”

“உசிரு போயிரும் சார்.”

“திருப்தியோடுதானே போகும்?” என்றார் டாக்டர் மார்த்தாண்டன். கெட்ட மனுஷர் இல்லை அவர். அறிக்கைகளைப் படித்துப் படித்து அப்படி ஆகிவிட்டார். “மெஷினின் வழியில் யாரும் குறுக்கே நிற்கக்கூடாது. நின்றால் மெமோ கொடுப்பேன்.”

அன்றைக்கே சாயங்காலம் மாப்பிள்ளை பத்மாசனியின் கட்டிலுக்குப் போனார். பத்மாசனி தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவள், தான்தான் இந்த ஆஸ்பத்திரியின் சூப்பிரண்டு என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறவள். அவளுக்கும் ‘ம்’ கொட்டினார். பத்மாசனி எழுந்து, தலையைக் கோதி முடிந்துகொண்டு, மாடிக்குப் போய் சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாது. டாக்டர் மார்த்தாண்டன் கீழே வந்து, காலியாக இருந்த பத்மாசனியின் கட்டிலில் உட்கார்ந்தார். ஹபீபா அவருக்குப் போர்வை கொடுத்தாள்.

பியூலாவுக்கு உயிர் வந்தது. இந்த பத்மாசனிக்கு எத்தனை நாள் தலை வாரிவிட்டிருக்கிறாள், சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தபோது எத்தனை கவளம் ஊட்டியிருக்கிறாள். படியில் மூச்சு வாங்க ஏறினாள்.

“பத்மாக்கா, உலகம்மாளுக்கு அத அனுப்பாதீங்க. உங்க பக்கத்துக் கட்டிலுதானே. உங்களுக்குத் தெரியாதா?”

பத்மாசனி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “மேடம்னு சொல்லுங்க சிஸ்டர்” என்றாள். “கோப்பைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட உத்தரவு. அதில் நான் கை வைக்க முடியாது. நாளைக் காலை அந்தக் கட்டில்தான்.”

நாற்காலி செய்கிற வேலை! பியூலா கீழே இறங்கினாள். படியிறங்கும்போதே அவளுக்கு ஒரு வைராக்கியம் பிறந்துவிட்டது. இதற்கு மேல் யாரிடமும் கெஞ்சுவதில்லை. மெமோ கொடுக்கட்டும், வேலையை விட்டுத் தூக்கட்டும், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றட்டும். இத்தனை வருஷம் நான் கொட்டாமல் வைத்திருந்த ‘ம்’மை நேற்று வந்த ஒரு டிரம் கொட்டிவிட்டுப் போய்விடுமா? போய்விடுமா என்று கேட்கிறேன். பார்த்துவிடலாம்.

மறுநாள் காலை உலகம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். தலையில் கனகாம்பரம். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புமாவைத் தொடவில்லை.

குளத்தைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை உருண்டு வந்தார். பியூலா அவருடைய வழியில் நிற்கவில்லை. குறுக்கே நின்றால்தானே மெமோ? அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்ப்பது அவளுடைய வேலை, அதை யாரும் கேட்க முடியாது.

“வணக்கம். இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்றார் மாப்பிள்ளை.

“ஐயா, நான் செத்துட்”

“எங்க வச்சுக்கா?” என்றாள் பியூலா.

“எங்கயா? எங்க வீட்டுலதான். குறுக்க பேசாதிய சிஸ்டரம்மா, சொல்லி முடிச்சுக்கிடுதேன். நான் செத்து”

“முன்வாசல்ல போட்டாகளா, உள்ளயா?”

“முன்வாசல்லதான். பந்தல் போட்டு”

“யாரு பந்தல்? சங்கு ஊத ஆளு சொன்னாகளா?”

“சங்கு இல்லாமலா? ஒல்லியா ஒரு ஆளு வந்து ஊதுனாரு. நல்லாத்தான் ஊதுனாரு, பொய் சொல்லக்கூடாது.”

இழவு வீட்டைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? உலகம்மாளுக்கும் முடியவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வந்து ரகளை பண்ணினார்கள், சொந்தக்காரர்கள் வைத்த மாலையில் எது வாடிப்போன மாலை, பாடையில் பூ போதவில்லை, சாப்பாட்டில் சாம்பார் தண்ணீர். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. அவள் மூச்சு விட நிறுத்துகிற இடமெல்லாம் பியூலா பாய்ந்தாள். “அப்புறம்?” “அவன் எதுக்கு வந்தான்?” “ஐயோ, அத நீங்க சும்மாவா விட்டீக?” மாப்பிள்ளையின் திரையில் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ‘ம்’ விழ ஓர் இடம் கிடைக்கவில்லை. பியூலாவுக்குத் தொண்டை வறண்டது. ஒரு இருமல் வந்தால் போதும், காரியம் கெட்டுவிடும். அடக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. எதிர்க் கட்டிலருகே ஊசி மருந்தோடு நின்ற ஹபீபா, கையில் இருந்ததை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“அப்புறம் யாருக்கா வந்தா?”

“எங்க மதினி வந்தா.” உலகம்மாளின் குரல் மாறியது. “எங்க அண்ணன் பொண்டாட்டி. வந்து என் தலைமாட்டுல நின்னா. சிஸ்டரம்மா, அவ என்ன கட்டியிருந்தா தெரியுமா? என் பச்சைச் சேலைய.”

“எந்தப் பச்ச?”

“நான் எடுத்தது. பீடி சுத்தி, விரலெல்லாம் புண்ணாகி, என் மக கல்யாணத்துக்குக் கட்டணும்னு எடுத்து, பெட்டிக்குள்ள பாச்சா உருண்ட போட்டு வச்சிருந்தேன். அதுக்குள்ள என்னக் கொண்டுவந்து இங்க விட்டுட்டாவ. கல்யாணத்துக்குக் கூப்பிடவும் இல்ல. ஒரு நாளு கூட, ஒரு நாளு கூட நான் அத உடுத்தல.” மூக்கைச் சிந்தினாள். “அவ உடுத்திக்கிட்டு வந்து நிக்கா. என் இழவுக்கு!”

மாப்பிள்ளையின் திரையில் வாய் திறந்தது.

“அப்புறம்?” என்று கத்தினாள் பியூலா. வார்டே திரும்பிப் பார்த்தது. “அப்புறம் நீங்க என்ன செஞ்சீக?”

“என்ன செஞ்சேனா?” உலகம்மாளின் கண்கள் சிவந்தன. “அவ உடுத்திக்கிட்டு நிப்பா, நான் பாத்துக்கிட்டு படுத்துக் கெடப்பேனா? நான் என்ன அம்புட்டு எளக்காரமாப் போயிட்டனா? எந்திரிச்சேன். பாடைய ஒதறிட்டு எந்திரிச்சேன்! ‘ஏட்டி, அவுருட்டி என் சேலைய’ன்னு முந்தியப் பிடிச்சேன். நான் உசிரோட இருக்கையில எவட்டி என் சேலையத் தொடுறது!”

மூச்சு இரைத்து நிறுத்தினாள்.

பியூலா வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் மூடிப் பழகிய வாய், நன்றாகவே மூடியது. ஒரு மூச்சு விடுகிற நேரம் வார்டில் சத்தமே இல்லை.

“ம்” என்றார் மாப்பிள்ளை.

நடுவில் ஓர் இடத்தில்கூட விழாததால், அந்த ஒரு ‘ம்’ எல்லாவற்றுக்கும் சேர்த்து விழுந்தது. செத்ததும் அதில் சேர்த்தி, எழுந்ததும் சேர்த்தி. எழுந்தது பின்னால் இருந்ததால் அதுதான் நின்றது. வார்டுக் கதவு திறந்து இழவுக்கு வந்த கூட்டம் உள்ளே வந்தது. பந்தல்காரர்கள் குளத்தங்கரையில் கம்பு நட்டார்கள். வாடிப்போன மாலைகளோடு பாடை வந்து நின்றது, அதில் யாரும் இல்லை. உலகம்மாள் கட்டிலை விட்டு இறங்கி, மதினியின் முந்தானையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பியூலாவின் கையில் இருந்த மணிக்கட்டு நழுவிப் போயிருந்தது. நழுவுகிற வரைக்கும் அது துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஹபீபா மதினியை மறைப்புத் துணிக்குப் பின்னால் கூட்டிப்போய், ஆஸ்பத்திரி நைட்டி ஒன்றைக் கொடுத்தாள். பச்சைச் சேலை உலகம்மாளிடம் வந்துசேர்ந்தது. அதில் பாச்சா உருண்டை வாசனை இன்னும் இருந்தது.

பியூலா எழுந்தாள். மாப்பிள்ளையின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்தாள்.

“எங்க தள்ளுதிய?” என்றாள் ஹபீபா.

“வெளிய. இனி இந்த வார்டுக்குள்ள இது வந்தா என் மேலதான் உருட்டிக்கிட்டு வரணும்.”

ஹபீபா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு வந்து மறுபக்கம் பிடித்தாள். “நோட்ஸ் எழுத ஒண்ணு வேணும்க்கா, அத நான் விடமாட்டேன். முட்டிக்கும் ஒரு வழி கேப்போம். ஆனா இது வேண்டாம். தள்ளுங்க.” மற்ற நர்சுகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தாழ்வாரம் நெடுகத் தள்ளிக்கொண்டே போனார்கள். “எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்? மகிழ்ச்சி” என்றார் மாப்பிள்ளை. மாடி ஜன்னலிலிருந்து பத்மாசனி மேடம், “யார் உத்தரவு கொடுத்தது?” என்று கேட்டாள். “நாங்கதான்” என்றாள் பியூலா, நிற்காமல். நடந்து முடிந்த காரியத்துக்கு உத்தரவு போடுவது அந்த ஆபீசின் வழக்கம். சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது.

இப்போது மாப்பிள்ளை கூட்ட அரங்கில் இருக்கிறார். மேலிடத்து அதிகாரிகள் வந்து பேசும்போது பக்கத்தில் நின்று ‘ம்’ கொட்டுகிறார். அதிகாரிகள் சொல்வது எதுவும் நடப்பதில்லை என்பதால் அங்கே ஆபத்து இல்லை. நர்சுகளுக்கு உடை மாற்றுகிற அறை திரும்பக் கிடைத்தது, ஏ.சி.யோடு.

அடுத்த நாள் காலை பியூலா உப்புமாத் தட்டோடு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். உலகம்மாள் பச்சைச் சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். கொசுவம் சரியாக வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்தாள், பிறகு நிறுத்தினாள். சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“சிஸ்டரம்மா, நான் உசிரோடதான் இருக்கேன், இல்லையா?”

“ம்” என்றாள் பியூலா.

உலகம்மாள் தட்டை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். உப்புமாவில் உப்பு இல்லை என்று திட்டினாள்.

பியூலா அடுத்த கட்டிலுக்குப் போனாள். டாக்டர் மார்த்தாண்டன் எழுந்து உட்கார்ந்து, “சிஸ்டர், நான்தான் இந்த ஆஸ்பத்திரி சூப்பிரண்டு” என்றார். “அப்படியா சார்? அப்புறம்?” என்று கேட்டு அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

இழவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போகவில்லை. கட்டில் போதாததால் பாடையையும் ஒரு கட்டிலாகச் சேர்த்திருந்தார்கள். அதில் சங்கு ஊத வந்த ஒல்லியான ஆள், சங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பியூலா தட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“வேண்டாம் சிஸ்டர். நான் நெசமான ஆளு இல்ல. அந்த அம்மா சொன்ன பேச்சுல வந்தவன். எனக்கு ஊரு இல்ல, பேரு இல்ல. நான்னு ஒருத்தன் கிடையவே கிடையாது” என்றார் அவர். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூலா வாயை இறுக மூடிக்கொண்டாள். தட்டை அவர் மடியில் வைத்தாள். பாடையின் ஓரத்தில் பூவை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம்?”